பதினோரு மணிக் கணக்கு

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு
நகராட்சி ஆள் ஒருவர் வந்து எண்ணிவிட்டுப் போனார்.
ஆல்டர் தெரு. வீடுகள் நாற்பத்தொன்று.
கார் நிறுத்தக் காலியாக உள்ள இடம் பத்தொன்பது.
ஆகவே பற்றாக்குறை ஏதும் இல்லை என்று
இரண்டே வரியில் கடிதம் வந்தது.

பதினோரு மணிக்கு நாங்கள் எங்கே இருப்போம்?
நெரிஸ் பிரசவ வார்டில்,
வ்லாதெக் ரொட்டி வேனோடு நெடுஞ்சாலையில்,
நான் பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில்.
தெருவே வயிற்றுப்பாட்டுக்குப் போயிருக்கும் நேரம்.
பள்ளி விட்டபின் வகுப்புக்குள் எட்டிப் பார்த்து
பெஞ்சு இவ்வளவு கிடக்கிறதே,
பிள்ளைகளுக்கு என்ன குறை என்றானாம் ஒருவன்.

ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள்.
ஈரக் கல் பாவிய ஏற்றத்தில்
கிளட்ச் கருகும் வாசனையே எங்கள் அந்திப் புகை.
நூற்பாலைக்கு நடந்து போனவர்களுக்காகக் கட்டிய வீடுகள்;
கதவைத் திறந்தால் நடைபாதை,
நடைபாதையைத் தாண்டினால் அடுத்தவன் பம்பர்.
ஒரு கட்டில் அளவு இடத்துக்காக
கார்ஸ்டேல் ஊரையே மூன்று முறை வலம் வருகிறோம்,
வேண்டுதல் எதுவும் இல்லாமல்.

பன்னிரண்டு மணி நேரம்
பிறர் பிள்ளைகளை இழுத்து வெளியே எடுத்தவள்
தேவாலயத்தடியில் காரை விட்டு
மழையில் மேலேறி வருவாள் நெரிஸ்.
ஒரு நாள் வரவில்லை.
காலையில் பார்த்தால் ஸ்டீரிங்கில் தலை சாய்த்து,
சீருடையோடு, கண்ணாடியெல்லாம் மூச்சுப் பனி.

கிளெம் ஓல்ட்ராய்ட் மட்டும்
தன் வாசலில் பச்சைக் குப்பைத்தொட்டியை நிறுத்திவைப்பார்.
நிறுத்திவைப்பது சட்டப்படி குற்றம்.
நகர்த்துவது பாவம்.

முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர்.
வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்;
கார் இல்லாத பதினேழாம் எண் வீட்டிலும்.
குழுக் கூட்டத்தில் பேச மூன்று நிமிடம் தந்தார்கள்.
நாங்கள் எழுதிக்கொடுத்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.
"தூங்கும்போது வந்து எண்ணுங்கள் எங்களை"
என்று சொல்லி உட்கார்ந்தார்.
மிச்ச இரண்டரை நிமிடமும்
சுவர்க் கடிகாரம் பேசியது.

மறுகணக்கு. வியாழன் இரவு ஒன்பது.
பிரையர்லி என்ற அதிகாரி, சின்னச் சாம்பல் நிறக் காரில்.
திரைச்சீலை தோறும் ஒரு கண்.
ஏறினார். இறங்கினார். மறுபடி ஏறினார்.
நான்காம் சுற்றில் நடுத்தெருவிலேயே நின்று
மஞ்சள் விளக்கை மினுக்கவிட,
பின்னால் வ்லாதெக்கின் ஹாரன்
போலிஷ் மொழியில் ஏதோ சொன்னது.

அப்போதுதான் ஓல்ட்ராய்ட் செருப்போடு இறங்கி
தொட்டியை உருட்டி ஓரம் கட்டினார்.
"விடுங்க தம்பி. நேரா பின்னாடி... இன்னும்... போதும்."

அன்றைய அறிக்கையில் இருந்தது:
காலி இடம், ஒன்று.
அதில் நான் நிறுத்தியிருக்கிறேன்.

ஜெயித்துவிட்டோம் என்று பியர் உடைத்தோம்.
பதினான்கு மாதம் கழித்து வெள்ளைக் கோடு வந்தது.
வீட்டுக்கு ஒரு அனுமதிச் சீட்டு,
வருடத்துக்கு முப்பத்தெட்டு பவுண்டு.
சீட்டின் பின்புறம் எறும்பெழுத்தில்:
இடம் கிடைக்கும் என்பதற்கு இது உறுதி அல்ல.
கோடில்லாத காலத்தில் நெருக்கி, இடித்து,
கண்ணாடியை மடக்கி முப்பத்து நான்கு கார் நின்றோம்.
கட்டம் போட்டபின் இருபத்தொன்பது.
வெளியூர்க் கார்கள் போய்விட்டன, உண்மைதான்.
நெரிஸ் வாரத்தில் நான்கு நாள் வாசலில் இறங்குகிறாள்.
அதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகும்.

இன்று ஞாயிறு, தூறல்.
இஞ்சு டேப்பின் ஒரு நுனியை என் கையில் கொடுத்துவிட்டு
மறு நுனியோடு பின்னால் போகிறார் ஓல்ட்ராய்ட்.
"கட்டம் ஆறு மீட்டர். என் கார் நாலு கூட இல்லை.
யார் வண்டியை வைத்து அளந்தார்கள்?
எழுதிக்கோ," என்கிறார்.

பேனா நனைந்துவிட்டது.
உள்ளங்கையில் எழுதுகிறேன்.